அவர் பேர் மட்டும் அப்படியே இருக்கட்டும்

ஸ்கேன் சென்டரில் அவளை எல்லாரும் ரிப்போர்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படம் எடுக்கிறவருக்கு ஒரு பட்டம் உண்டு. படத்தைப் பார்த்து நோய் சொல்கிற டாக்டருக்குப் பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் பட்டங்கள். நடுவில் உட்கார்ந்து, டாக்டர் வாயால் உதிர்ப்பதையெல்லாம் எழுத்தாக்கிக் கொடுக்கிறவளுக்கு மட்டும் என்ன பெயர் வைப்பதென்று யாருக்கும் தோன்றவில்லை. ஆகையால் ரிப்போர்ட் அக்கா. சம்பளச் சீட்டில் வேறு என்னவோ போட்டிருக்கும். அதை அவளே நின்று படித்ததில்லை.

வேலை இதுதான். டாக்டர்கள் மேல்மாடியில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து, படங்களைப் பார்த்துக்கொண்டே பேசிப் பதிவு செய்வார்கள். கீழே ஜன்னல் இல்லாத அறையில் ரிப்போர்ட் அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்பார்கள். பிரௌசரில் சென்டரின் பக்கத்தைத் திறந்து அடிப்பார்கள். காலடியில் ஒரு மிதிகட்டை. மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். "பெரிய பெரிய டாக்டரையெல்லாம் காலால அடக்கி வெச்சிருக்கேன், என்கிட்ட வம்பு வெச்சுக்காதீங்க" என்று வீட்டில் பீற்றிக்கொள்வாள். கணவர் சிரிக்க மாட்டார். புருவத்தை மட்டும் உயர்த்துவார். அவரைப் பொறுத்தவரை அது விழுந்து விழுந்து சிரித்ததற்குச் சமம்.

நாள் முழுக்க அடிக்கிற மணிக்கட்டு என்ன இரும்பா? ஒரு சமயம் வலது கை பாட்டில் மூடியைத் திறக்கக்கூட மறுத்துவிட்டது. எலும்பு டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, "வேற வேலை பாத்துக்கோங்கம்மா" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். வேலை என்ன மரத்திலா காய்க்கிறது?

கணவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். பேச்சு குறைவு, பிடித்தால் உடும்புப் பிடி. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீ அதிகமா அடிக்கிறது என்ன?" என்று கேட்டார்.

"'இயல்பாக உள்ளது.' வேற என்ன? இதயம் இயல்பாக உள்ளது, கல்லீரல் இயல்பாக உள்ளது. வர்றவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஒண்ணுமே இல்லீங்க. பயந்துபோய் வந்து படுத்துக்கறாங்க."

அவர் எழுத ஆரம்பித்தார். பிரௌசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற குட்டிச் சரக்கு, எக்ஸ்டென்ஷன் என்கிறார்களே, அதுதான். இரண்டு எழுத்தை அடித்துவிட்டு மேலே இருக்கிற சின்னப் பட்டனை அமுக்கினால் முழு வாக்கியமும் வந்து உட்காரும். முதல் வாரம் கல்லீரல் என்று அடித்தால் கணையம் வந்தது. "ஏங்க, உங்க புண்ணியத்துல இன்னிக்கு ஒருத்தருக்கு உறுப்பே மாறிப்போச்சு" என்று அவள் திட்டத் திட்ட அவர் திருத்தினார். கடைசியில் அது பச்சைப் பிள்ளையைப் போல அவள் சொன்னதையெல்லாம் கேட்டது. கைத்தாங்கல் என்று பெயர் வைத்தார்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. "ஒவ்வொரு வாட்டியும் பட்டனை அமுக்கணுமா? எல்லாப் பக்கத்துலயும் தானா வேலை செய்யற மாதிரி பண்ணக் கூடாதா?"

"பண்ணலாம். அதுக்கு நீ பாக்கற எல்லாப் பக்கத்தையும் நானும் பாக்க அனுமதி கேக்கணும். பாங்க், மெயில், உன் ஆபீஸ், எல்லாம். எனக்கெதுக்கு அடுத்தவங்க வீட்டுச் சாவி? வாசல்ல நின்னு குடுத்துட்டுப் போயிடறேன்."

அவ்வளவுதான் மனிதர். கை வலிக்கிற வேறு யாருக்காவது உதவட்டுமே என்று அதை பிரௌசர்காரர்களின் கடையில் இலவசமாகப் போட்டார். "எழுதியவர்" என்ற இடத்தில் தன் முழுப்பெயரையும் போட்டுக்கொண்டார். மெல்ல மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். வக்கீல் குமாஸ்தாக்கள், கை நடுக்கம் உள்ள ஒரு வாத்தியார், விரல் முறிந்த மாணவி, எங்கெங்கோ இருந்த முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள். "ஐயா, நீங்கள் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்" என்று யாரோ கருத்தில் எழுதியிருந்தார்கள்.

எங்கே இருந்தார்? ஒரு நாள் மதியம் அலுவலகத்தில் சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்தவர், நிமிரவே இல்லை. நோய் நொடி கிடையாது. உலகத்து இதயங்களையெல்லாம் இயல்பாக உள்ளது என்று அடித்துத் தள்ளியவள், வீட்டில் இருந்த இதயத்தை ஒரு தடவை படம் எடுத்துப் பார்க்கவில்லை. ஊர் இதைச் சொல்லாமல் இருக்குமா? சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ரிப்போர்ட் அக்காவுக்கு அதுவும் உறைக்கவில்லை. அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை என்பதுதான் விஷயம். அழுகை வரவில்லை. பசி தெரியவில்லை, சாப்பிட்டால் ருசி தெரியவில்லை. குழாயில் வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது; கை சிவந்த பிறகுதான் சூடு என்று தெரிந்தது. "வாய்விட்டு அழுதுடுங்க அக்கா, நெஞ்சுல அடைச்சிக்கும்" என்றாள் சென்டரின் கவுண்டர்ப் பெண். அழுகை என்ன, மிதிகட்டையை மிதித்தால் வருகிறதா? ரிப்போர்ட் அக்கா எப்போதும் போல வந்து உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு அடித்தாள். கை மட்டும் பிழை இல்லாமல் வேலை செய்தது. கைத்தாங்கல் இருந்ததே.

அவளுக்குத் துணையாக நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவரின் ஒரே தங்கை, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். ஆஸ்பத்திரிக் காகிதம், அலுவலகக் காகிதம், சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அவள்தான் வரிசையில் நின்றாள். யார் கேட்டாலும் "அண்ணன் தவறிட்டாரு" என்று சொல்கிற வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். அண்ணி அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "அவர் இல்ல" என்பாள். கடைக்குப் போயிருக்கிறார் என்பதைப் போல.

நாத்தனாருக்குக் காலையில் ஒரு பழக்கம். காபியை வைத்துக்கொண்டு கைத்தாங்கலின் பக்கத்தைத் திறந்து கருத்துகளைப் படிப்பாள், சத்தமாக. "அண்ணி, இதைக் கேளுங்க. 'இதை எழுதிய மகராசன் கைக்கு முத்தம்'னு போட்டிருக்கு. யாரோ ஒரு கிழவர்." அண்ணி தலையை ஆட்டுவாள். காதில் விழும், உள்ளே இறங்காது.

ஒரு வருடம் போல ஆன பிறகு கருத்துகளின் சுருதி மாறியது. பிரௌசரின் புதுப் பதிப்பில் கைத்தாங்கல் அடிக்கடி நின்றுபோனது. "ஐயா, சரி செய்யுங்கள்." "ஐயா, எங்கே போனீர்கள்?" பிரௌசர் கடைக்காரர்களிடமிருந்தும் கணவரின் மெயிலுக்கு ஒரு அறிவிப்பு வந்தது: புதிய முறைக்கு மாற்றாத எக்ஸ்டென்ஷன்கள் விரைவில் நீக்கப்படும்.

நீக்கப்படும் என்பதைப் படித்ததும் ரிப்போர்ட் அக்காவுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. அத்தனை நாளில் அன்றுதான் அசைந்தது. இன்னொரு தடவையா என்று நினைத்தாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து வந்தது, முன்பின் தெரியாத ஒரு கம்பெனியிடமிருந்து அந்தக் கடிதம். மூக்கில் வியர்த்திருக்கும் போல, திருட்டுப் பயல்களுக்கு. கைத்தாங்கலைத் தாங்களும் பயன்படுத்துவதாகவும், அது அழிந்துபோவதைப் பார்க்க மனம் வரவில்லை என்றும், உரிமையை மாற்றிக் கொடுத்தால் தாங்களே பராமரிப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அதற்கு ஒரு தொகையும் தருவார்களாம். என்ன பணிவு, என்ன அடக்கம்! வெண்ணெய் தோற்றது. எழுதியவர் இப்போது இல்லை என்று இவள் பதில் போட்டதும் ஒரு பக்கத்துக்கு இரங்கல் வந்தது.

அவள் யாரையும் கேட்காமல் கொடுக்கவில்லை. சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவரைக் கேட்டாள். தலை நரைத்த மனிதர். யார் என்ன கோளாறு சொன்னாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பார். ஆகவே ரீஸ்டார்ட் அண்ணன். "நல்லதுதானேம்மா, யாராவது பாத்துக்கிட்டா" என்றார் அவர். நாத்தனாரைக் கேட்டாள்.

"காசு வாங்கினா அண்ணனை வித்த மாதிரி இருக்கும் அண்ணி. வேணாம்."

"எனக்கும் வேணாம். ஆனா ஒண்ணு கேக்கப்போறேன்."

"என்னது?"

"அவர் பேர் மட்டும் அப்படியே இருக்கட்டும்."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படியே எழுதிப் போட்டார்கள். பணம் எதுவும் வேண்டாம், எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும் மாறாமல் இருக்க வேண்டும். காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது: "நிச்சயமாக. அந்தப் பெயர் எங்களுக்கும் மிக முக்கியம்."

முக்கியம்தான், பாவிகளா. பின்னே, ஆயிரக்கணக்கான பேர் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற பெயர். அதைக் காசு கொடுத்து வாங்க வந்தவனிடம் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, பத்திரமாக வைத்துக்கொள் என்று கெஞ்சவும் செய்தார்கள் இந்த இரண்டு அப்பாவிகள். நரிக்குக் கோழியைக் கொடுத்து இறகு கலையாமல் பார்த்துக்கொள் என்ற கதைதான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நின்றுபோனது ஓடியது. முன்னைவிட வேகமாகக்கூட ஓடியது. "ஐயா திரும்பி வந்துவிட்டார்!" என்று ஒருவர் கருத்துப் போட, நாத்தனார் அதை மூன்று நாள் வாசித்தாள்.

அப்புறம் ஒரு காலை, பிரௌசரில் ஒரு பெட்டி வந்து நின்றது. கைத்தாங்கல் புதிதாக ஒரு அனுமதி கேட்கிறதாம்: நீங்கள் போகும் எல்லா இணையப் பக்கங்களிலும் உள்ள எல்லாவற்றையும் படிக்கவும் மாற்றவும். அறையில் இருந்த மற்ற மூன்று பெண்களும் படிக்காமலே சம்மதம் கொடுத்தார்கள். அவர்கள் கம்ப்யூட்டரிலெல்லாம் கைத்தாங்கலைப் போட்டுக் கொடுத்ததே ரிப்போர்ட் அக்காதான். அவள் மட்டும் பெட்டியைப் படித்தாள். பெட்டியின் மேலே அவர் பெயர் இருந்தது. எனக்கெதுக்கு அடுத்தவங்க வீட்டுச் சாவி என்று சொன்ன மனிதரின் பெயரில் சாவி கேட்கிறார்களே என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் அவளிடம் எதையுமே கேட்டதில்லை. இப்போது கேட்கிறார். கொடுக்காமல் இருப்பாளா? அமுக்கிவிட்டாள்.

பட்டனைக்கூட இனிமேல் அமுக்க வேண்டியதில்லை என்று ஆயிற்று. எல்லாப் பக்கத்திலும் தானாகவே வேலை செய்தது.

கொஞ்ச நாளில் கவுண்டரில் ஒரு பெரியவர் வந்து கூச்சல் போட்டார். "என் ரிப்போர்ட்டை நானே இன்னும் வாங்கல! எவனோ போன் பண்ணி, உங்க இடது கிட்னியில கல்லு இருக்கு, இந்த அளவு இருக்கு, ஆபரேஷன் இல்லாம கரைக்க மருந்து இருக்குன்னு சொல்றான்! என் கிட்னியை ஊர் முழுக்க ஏலம் போடறீங்களா?"

மேனேஜர் அவரை உள்ளே அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அடுத்த நாள் ஒரு பெண் வந்தாள். அவள் கூச்சல் போடவில்லை. மார்பில் கட்டி என்பதை அம்மாவுக்கே இன்னும் சொல்லவில்லையாம்; போனை எடுத்தது அம்மாவாம். அதற்கப்புறம் நாள்தோறும் யாராவது வந்தார்கள். பயந்தவனிடம்தானே எதையும் விற்க முடியும்? எவனோ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பயமுறுத்தினான்.

மேனேஜர் முதலில் சந்தேகப்பட்டது கவுண்டர்ப் பெண்ணை. ரிப்போர்ட்டைக் கையால் எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தானே. "ரெண்டு நாள் வீட்டுல இரும்மா, கூப்பிடறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே தட்டச்சு அறைக்கு வந்தாள். "நான் பண்ணல அக்கா, நீங்களாவது நம்புங்க" என்றாள். ரிப்போர்ட் அக்கா நம்பினாள். ஆனால் முதுகில் தட்டிக்கொடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. இவள் ஏன் இப்படி அழுகிறாள், எப்படி அழ முடிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரீஸ்டார்ட் அண்ணன் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பார்த்தார். ரிப்போர்ட்டை அடித்துச் சேமிக்கச் சொல்லி, அந்த நேரத்தில் அதிலிருந்து எங்கெங்கே என்னென்ன போகிறது என்று தன் மடிக்கணினியில் பார்த்தார். சென்டரின் சர்வருக்குப் போக வேண்டியது போயிற்று. கூடவே அதே ரிப்போர்ட், அதே நேரம், பெயர் தெரியாத வேறொரு இடத்துக்கும் போயிற்று. பிரௌசரில் ஒட்டியிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஒன்றை நிறுத்தியதும் அந்தத் திருட்டுப் போக்கு நின்றது. மறுபடி போட்டார், மறுபடி போயிற்று. இன்னொரு கம்ப்யூட்டரில் பார்த்தார். அங்கேயும் அதே.

அவர் எழுந்து வந்து ரிப்போர்ட் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். காதிலிருந்து ஹெட்போனை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"அம்மா, கைத்தாங்கல்தாம்மா."

"நின்னுபோச்சா?"

"நின்னுபோயிருந்தா நல்லா இருந்திருக்கும். அதுதாம்மா எல்லாத்தையும் வெளிய அனுப்புது. ரிப்போர்ட்டு, பாஸ்வேர்டு, எல்லாம். அன்னிக்குக் கொடுத்தோமே, அவங்க வேலை. நானும்தான் சரின்னு சொன்னேன். எனக்கு அப்பத் தோணல."

"ரீஸ்டார்ட் பண்ணா?" என்று அவள் கேட்டாள். கிண்டலாக இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"போகாதும்மா" என்றார் அவர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு இல்லை.

நான்கு கம்ப்யூட்டரிலிருந்தும் அதை எடுத்தார்கள். பாஸ்வேர்டுகளையெல்லாம் மாற்றினார்கள். கவுண்டர்ப் பெண்ணை மேனேஜரே போன் பண்ணிக் கூப்பிட்டார். மன்னிப்பு என்ற வார்த்தையைக் கடித்து மென்று அரைகுறையாகச் சொன்னார். ரிப்போர்ட் அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது. அன்று மாலை வரைக்கும் ஒவ்வொரு எழுத்தாக முழுசாக அடித்தாள். மணிக்கட்டு வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் நாத்தனார் ஆடித் தீர்த்துவிட்டாள். "அண்ணன் பேர்லயா? அண்ணன் பேர்லயா திருடறானுங்க? அவனுங்க கை விளங்குமா?" பக்கத்தைத் திறந்தால் அங்கே வேறு கூத்து. வேறு ஊர்களிலும் சிலருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "இந்த ஆளை நம்பி என் மெயிலே போயிற்று." "நல்லவன் வேஷம் போட்ட திருடன்." அவர் பெயரைச் சொல்லி, முழுப்பெயரையும் சொல்லி. நாத்தனார் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதப் போனாள். அதில் பயனர்கள் ஒருவருக்கொருவர் பதில் போட வழியில்லையாம், எழுதியவர் மட்டும்தான் போடலாமாம். வழி இல்லாதது நல்லதாகப் போயிற்று. அவள் எழுதியிருந்தால் அச்சேறாத சொற்கள் சில அச்சேறியிருக்கும்.

கடைக்காரர்களுக்கு ரீஸ்டார்ட் அண்ணன் புகார் அனுப்பியிருந்தார். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. எப்போது முடிப்பார்கள் என்பதற்குப் பதில் இல்லை. அதுவரைக்கும் பக்கம் அப்படியே திறந்திருந்தது. திட்டுகள் அடியில் கிடந்தன. மேலே பழைய புகழுரைகள்தான் முதலில் தெரிந்தன, கைக்கு முத்தம் கொடுத்த கிழவர் உட்பட. புதிதாக வருகிறவன் அதைப் படித்துவிட்டுப் போட்டுக்கொள்வான். கை வலிக்கிறவன், நடுங்குகிறவன், விரல் முறிந்தவன். இவளைப் போன்றவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிப்போர்ட் அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். "நானே எழுதறேன்" என்றாள். "இதை எடுத்துடுங்கன்னு."

நாத்தனாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கருத்து எழுதும் பெட்டியைத் திறந்தார்கள். எழுதுவதற்கு முன்னால் அது நட்சத்திரம் கேட்டது. ஒன்று முதல் ஐந்து வரை, எத்தனை தருகிறீர்கள்? கொடுக்காமல் மேலே போக விடவில்லை.

"அஞ்சு போட்டுட்டு எழுதுங்க அண்ணி."

"அஞ்சு போட்டா நல்லதுன்னு நினைச்சு இன்னும் நாலு பேர் போட்டுக்குவாங்க. யார் உள்ள வரைக்கும் படிக்கறாங்க?"

"அதுக்காக? உங்க கையால அண்ணனுக்கு ஒண்ணு போடுவீங்களா? அவரு உங்க கைக்காகத்தானே இதை எழுதினாரு!"

ரிப்போர்ட் அக்கா ஒற்றை நட்சத்திரத்தை அமுக்கினாள். நாத்தனார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் அங்கே கொஞ்ச நேரம் அடிபட்டன.

கைத்தாங்கல் இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். "இதை முதலில் எழுதியவர் என் கணவர். அவர் இப்போது உயிருடன் இல்லை. இப்போது இதை வைத்திருப்பவர்கள் வேறு ஆட்கள். அவர் பெயரில் உங்கள் தகவல்களைத் திருடுகிறார்கள். தயவுசெய்து உடனே நீக்கிவிடுங்கள். பாஸ்வேர்டுகளை மாற்றிக்கொள்ளுங்கள். அவரைத் திட்டாதீர்கள். கொடுத்தது நான்." அடியில் தன் பெயரைப் போட்டாள். உயிருடன் இல்லை என்பதை அவள் ஒரு ரிப்போர்ட்டை அடிப்பது போலத்தான் அடித்தாள். பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டு அனுப்பினாள்.

அடுப்படியிலிருந்து நாத்தனார் வந்து, நின்றுகொண்டே படித்தாள். "என் போன்லயும் அந்த ஒத்தை நட்சத்திரத்தைப் போட்டுத் தாங்க" என்று நீட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் போட மாட்டேன். நீங்களே அமுக்குங்க."

அடுத்த நாள் சென்டரில், மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம். ரிப்போர்ட் அக்கா ஒருவரின் முதுகெலும்பை அடித்துக்கொண்டிருந்தாள். கவுண்டர்ப் பெண் ஏதோ காகிதம் வாங்க அறைக்கு வந்திருந்தாள். மேசையில் இருந்த போன் மினுங்கியது. மெயில். கடைக்காரர்கள் தானாகவே அனுப்புகிற அறிவிப்பு. தலைப்பில் கணவரின் முழுப்பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில், "உங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார்" என்று இருந்தது.

அவள் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தாள்.

திறந்தாள். அவள் எழுதிய கருத்துக்குக் கீழே, அவர் பெயரில், பணிவான நான்கு வரிகள். "வணக்கம். இது போட்டியாளர்கள் பரப்பும் பொய்யான தகவல். நான் நலமாக இருக்கிறேன். இதை எழுதியிருப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. அன்பான பயனர்கள் அச்சமின்றித் தொடர்ந்து பயன்படுத்தலாம்."

நான் நலமாக இருக்கிறேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. புத்தி வந்து சேர்வதற்கு முன்னால் உடம்பு முந்திக்கொண்டது. அப்பாடா என்று மூச்சுகூட விட்டுவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறார்.

அப்புறம் அடுத்த வரியையும் படித்தாள்.

"இல்ல" என்றாள். போனைப் பார்த்துத்தான் சொன்னாள். ஹெட்போன் காதில் இருந்ததால் குரல் எவ்வளவு ஓங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. "இல்ல. செத்துட்டாரு. அவர் செத்துட்டாரு."

மூன்று பெண்களும் கையை நிறுத்தித் திரும்பினார்கள். அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஒவ்வொருத்தியாகப் பார்த்து, அவர்கள் நம்ப மறுப்பது போல, திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். "செத்துட்டாருங்க. நான் பாத்தேன். மேசையில தலை வெச்சவரு எந்திரிக்கவே இல்ல. என் வீட்டுக்காரர் செத்துட்டாரு." கவுண்டர்ப் பெண் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியிலேயே அவள் கீழே உட்கார்ந்து, ஜன்னல் இல்லாத அந்த அறையில், மேல்மாடி டாக்டர்களுக்கெல்லாம் கேட்கும்படி அழுதாள்.